உங்களுக்குத் தெரியுமா? – காய்ந்த ஓடையும் கோடை இடியும்

கயத்தாறு, கடம்பூர், கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்தில் மழையை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வருமா வருமா என்று வானத்தைப் பார்த்தே வயசாகிப்போன சனம் இது. அதனாலேயே, அதே மழை அரை மணி நேரத்தில் ஆளை அடித்துக்கொண்டு போகும் என்கிற நினைப்பு நமக்குச் சட்டென்று வருவதில்லை. சித்திரை, வைகாசியில் இடி முழங்கும்போது தெரிந்திருக்க வேண்டிய சில செய்திகள் இங்கே.

மதியத்துக்கு மேல் ஏன்?

கோடை இடிமழை காலையில் வருவது அபூர்வம். கரிசல் மண் கறுப்பு; வெயிலை நன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். உச்சி சாயும் நேரத்தில் தரையை ஒட்டிய காற்று சூடேறி மேலே கிளம்பும். அதே நேரத்தில் மன்னார் வளைகுடாவிலிருந்து ஈரமான கடற்காற்று தூத்துக்குடி, ஓட்டப்பிடாரம் தாண்டி உள்ளே நுழையும். மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும். இரண்டும் முட்டும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழி கிடையாது; அங்கேதான் மேகம் எழும். இந்த முட்டல் தினமும் ஒரே இடத்தில் நடப்பதில்லை. இன்றைக்குக் கடம்பூரில் கொட்டிவிட்டு, நாளைக்குக் கழுகுமலையில் கொட்டுவதும், நடுவிலுள்ள ஊர் சொட்டுத் தண்ணீர் பார்க்காமல் போவதும் இதனால்தான்.

எவரெஸ்ட்டை விட உயரம்

எவரெஸ்ட் சிகரம் 8.8 கிலோமீட்டர். நம் தலைக்கு மேல் திரளும் இடிமேகத்தின் உச்சி 15 கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். அடி கறுத்து, உச்சி வெளுத்து, பட்டறைக்கல் போல விரிந்த மேகத்தைப் பார்த்தால், அது முழு வளர்ச்சி அடைந்துவிட்டது என்று பொருள். விமானிகள் அதற்குள் நுழையாமல் சுற்றிப் போவார்கள்.

ஒரு மணி நேர ஆயுள்

தனித்து எழும் ஓர் இடிமேகம் பிறந்து, பெய்து, கலைய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான் ஆகும். ஆனால் அது கலையும்போது கீழே இறக்கிவிடும் குளிர்ந்த காற்று, பக்கத்தில் கிடக்கும் சூடான காற்றை முட்டித் தள்ளி இன்னொரு மேகத்தை எழுப்பும். ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஊரின் மேல் எழுந்து பெய்தால்தான் வெள்ளம். ‘விட்டுவிட்டது’ என்று ஓடையில் இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இரண்டாவது மேகத்திடம்.

கொதிக்கிற நாளில் துளி மட்டும் ஏன் சில்லென்று இருக்கிறது?

தமிழ்நாட்டின் மேல் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்திலேயே வெப்பம் உறைநிலைக்கு வந்துவிடும். கோடைமழையின் பெரிய துளிகளில் பல, அதற்கும் மேலே பனிக்கட்டியாக இருந்தவை. இறங்கும் வழியில் உருகி வருகின்றன. உருகி முடிக்காமல் வந்து சேர்ந்தால் ஆலங்கட்டி. பெரிய துளி ஒன்று மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மண்ணில் மோதும். செடி கொடி மூடாத வெறும் புஞ்சையில் மேல்மண்ணைக் கிளப்பிவிடுவது இந்த அடிதான். ஓடையில் தண்ணீர் கறுப்பாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடுவது உங்கள் காட்டு உரம்.

மழைக்கு முன் புழுதி

துளி விழுவதற்குப் பல நிமிடங்கள் முன்னால் ஒரு குளிர்ந்த வேகக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். தகரக் கூரைகளைத் தூக்குவதும், வாழையைச் சாய்ப்பதும், மின்கம்பியை அறுப்பதும் பெரும்பாலும் இந்தக் காற்று. இப்படிப்பட்ட காற்றில் சேதமாகாமல் இருக்க, பெரும்பாலான காற்றாலைகள், காற்றின் வேகம் நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் ஆனால் தாமாகவே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டவை. நாட்டின் காற்றாலைச் சோதனை நிலையம் இருப்பது கயத்தாறில்தான். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்று நாடு முழுக்கத் தெரிந்த கயத்தாறு, காற்றை அளக்கிற ஊர் என்பதும் பலருக்குத் தெரிய வேண்டும்.

எண்ணிப் பாருங்கள்

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் காட்டிலேயே விழலாம். அப்போதே வேலையை நிறுத்த வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் வெளியே வர வேண்டும். மழை தொடங்காமலேயே, மேகத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, வெயில் அடிக்கிற இடத்திலும் மின்னல் இறங்கும்.

2,887 பேர்

2022-ல் இந்தியாவில் மின்னலுக்கு இறந்தவர்கள் தொகை இது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் தருகிற கணக்கு. இயற்கைச் சீற்றங்களால் அந்த ஆண்டு இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்னலால் போனவர்கள். புயல் வந்தால் தலைப்புச் செய்தி. மின்னல் ஒவ்வொருவராகக் கொல்வதால் மாவட்டப் பக்கத்தின் மூலையில் நாலு வரி. சாகிறவர்களில் மிகப் பலர் வயலில் வேலை பார்க்கிறவர்கள், ஆடு மாடு மேய்க்கிறவர்கள். 2025 அக்டோபரில் கடலூர் மாவட்டம் வேப்பூர் பக்கம் மக்காச்சோளக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த நான்கு பெண்கள் ஒரே மின்னலில் இறந்தார்கள். நம் கரிசலிலும் இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளம்தான். அங்கும் களை எடுப்பது பெண்கள்தான்.

வேப்பமரத்தடி வேண்டாம்

திறந்த புஞ்சையில் தனியாக நிற்கும் வேம்பு, பனை, உடைமரம் எதன் அடியிலும் ஒதுங்கக் கூடாது. மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்கும் ஆளுக்குப் பாயும். வேர் வழியாகத் தரையிலும் பரவும். ஆடுகள் கூட்டமாகச் சாவது இதனால்தான். கூரை போட்ட கார், பஸ், வேன் நல்ல பாதுகாப்பு. கூண்டு இல்லாத டிராக்டர், மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு இல்லை. ஒதுங்க எதுவுமே இல்லையென்றால் ஒருவரை ஒருவர் விட்டு விலகி, பாதங்களைச் சேர்த்துக் குத்தவைத்து உட்காருங்கள். படுக்காதீர்கள். மின்னல் பட்டவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. தொட்டுத் தூக்கலாம், மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தி இயக்க வேண்டும். பயந்து தள்ளி நின்று இழக்கிற உயிர்கள் காப்பாற்றக்கூடியவை.

நிவாரணம் கேட்கத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்

மின்னலில் இறந்தவர் குடும்பத்துக்குப் பேரிடர் நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் கிடைக்கும். கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்பது 2022-க்குப் பிந்தைய விதிமுறை. மனிதர் என்றால் உடற்கூறாய்வு அறிக்கை, கால்நடை என்றால் கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். புதைப்பதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் சொல்லுங்கள். துக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியது பக்கத்து வீட்டுக்காரர்களின் கடமை.

கரிசலின் இரண்டு குணம்

இந்தத் துணுக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் பக்கத்து வெள்ளத்துக்கு அடிப்படை இதுதான்.

கரிசலில் பாதிக்குப் பாதி, சில இடங்களில் அதற்கும் மேல், களி. அந்தக் களி தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். பங்குனி வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்பு ஒரு மீட்டர் ஆழத்துக்குக்கூட இறங்கும். முதல் கோடைமழை பெய்யும்போது தண்ணீரில் பெரும்பகுதி இந்த வெடிப்புகளுக்குள் போய்விடும். ஓடையில் பெரும்பாலும் தண்ணீர் வராது. ‘நம்ம மண்ணு எல்லாத்தையும் குடிச்சிரும்’ என்று ஊரில் நம்பிக்கையோடு சொல்வது இதைப் பார்த்துத்தான். சொல்வதில் தவறில்லை, முதல் மழைக்கு.

ஊறிய பிறகு கதை வேறு. களி ஊதி வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு கரிசல் தண்ணீரை உள்ளே விடும் வேகம் மணிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் கரிசலை அளந்து கண்ட உண்மை இது. மழையோ மணிக்கு 40, 50 மில்லிமீட்டர் பெய்யும். மிச்சம் அத்தனையும் மேலேயே ஓடியாக வேண்டும். அன்றைக்குக் கரிசக்காடு தார் ஊற்றிய தரைதான். நகரத்துச் சிமெண்டுத் தரையில் என்ன நடக்கிறதோ அதுவே நம் காட்டிலும் நடக்கும்.

ஆகவே அடுத்தடுத்த நாளில் பெய்கிற இரண்டாவது, மூன்றாவது மழைக்குத்தான் பயப்பட வேண்டும். முதல் மழைக்கு ஓடை அசையவில்லை என்பதை வைத்து அடுத்த மழையைக் கணிக்கக் கூடாது.

சேறும் ஆபத்து

ஊறிய கரிசலில் கால் வைத்தால் கவ்விக்கொள்ளும். டிராக்டர் சக்கரம் சுற்றும், நகராது. வெள்ளத்தில் மாட்டியவரை மீட்கப் போகிற வண்டி தார்ச்சாலையை விட்டு இறங்க முடியாது. செம்மண் பக்கத்தில் பத்து நிமிடத்தில் முடிகிற உதவி, கரிசலில் மணிக்கணக்கில் இழுக்கும்.

ஏக்கருக்கு ஒரு லட்சம்

25 மில்லிமீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். ஒரு சதுர கிலோமீட்டரில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5 கோடி லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் நாலாயிரத்துக்கு மேல் வேண்டும். அவ்வளவும் ஓர் ஓடைக்குள், ஒரு மணி நேரத்துக்குள்.

உங்கள் ஊரில் தூறல்கூட இல்லை. ஓடையில் வெள்ளம் வருமா?

வரும். மேற்கே பத்து கிலோமீட்டர் தள்ளிப் பெய்தால் போதும். காட்டாற்று வெள்ளத்தின் கொடுமையே அதுதான். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலம் அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல், மலையில் பெய்த கோடைமழை திடீரென்று வந்து இறங்கியது. பள்ளி மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். தண்ணீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கரையேறிவிட வேண்டும். துணியை எடுக்கிறேன், செருப்பை எடுக்கிறேன் என்று திரும்பக் கூடாது.

கயத்தாறில் பெய்வது தூத்துக்குடியில் போய் நிற்கும்

கோவில்பட்டி கடல் மட்டத்துக்கு 100 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. தூத்துக்குடி சில மீட்டர்தான். நடுவில் தடுக்க மலை கிடையாது. சரிவு ஒரே சீராகக் கிழக்கே இறங்குகிறது. கயத்தாறு, கடம்பூர், மணியாச்சி வட்டாரத்து மழையில் ஒரு பகுதி உப்பாற்று ஓடை வழியாகப் போய்ச் சேர்வது தூத்துக்குடியின் வாசலில் இருக்கும் கோரம்பள்ளம் குளத்தில். தாமிரபரணியிலிருந்து பிரியும் திருவைகுண்டம் வடகாலின் கடைக்குளமும் அதுதான். ஆக, தாமிரபரணித் தண்ணீரும் கரிசக்காட்டு மழையும் ஒரே குளத்தில் வந்து சேர்கின்றன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தக் கணக்கு கண்ணுக்கு முன் தெரிந்தது. அது கோடையல்ல, மார்கழித் தொடக்கம். குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட மேலடுக்குச் சுழற்சி நகராமல் நின்று பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர். மாவட்டத்துக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கிற சராசரி மழையையே அது தாண்டிவிட்டது. வறண்ட பூமி என்று பெயர் வாங்கிய கோவில்பட்டியிலும் அதே ஒரு நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை. கண்மாய்கள் அடுத்தடுத்து உடைந்தன. கோரம்பள்ளம் குளக்கரை உடைந்து தூத்துக்குடி மாநகருக்குள் வெள்ளம் புகுந்தது. தென்மாவட்டங்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாநகரத்தின் வெள்ளத்துக்கு மாநகராட்சியின் வாய்க்காலை மட்டும் பார்த்துப் பயனில்லை. ஐம்பது கிலோமீட்டர் மேற்கே ஒரு கண்மாய்க்கரை வலுவாக இருக்கிறதா என்பதும் தூத்துக்குடிக்காரர்களின் கவலையாக இருக்க வேண்டும்.

நின்றுபோன ரயில்

அதே 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், திருவைகுண்டம் நிலையத்தோடு நிறுத்தப்பட்டது. அதில் சுமார் 800 பயணிகள். கொஞ்சம் தள்ளித் தண்டவாளத்துக்குக் கீழே இருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துப் போயிருந்தன. ரயில் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவே நாக்கு எழவில்லை. பெரும்பாலானோர் 19-ஆம் தேதிதான் மீட்கப்பட்டார்கள். அதுவரை அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தவர்கள், தாங்களே வெள்ளத்தில் இருந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்.

பதினைந்து நிமிடம் போதும்

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் ஒரே நாளில் 9.8 சென்டிமீட்டர் மழை. அதில் 4.5 சென்டிமீட்டர் பிற்பகல் 3 மணியிலிருந்து 3.15-க்குள் பெய்துவிட்டது. செல்லூர் பகுதி மூழ்கியது. நாள் மழை எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் இது புரியாது. பத்து சென்டிமீட்டர் நாள் முழுக்கப் பெய்தால் கண்மாய் நிறையும். கால் மணி நேரத்தில் பாதி பெய்தால் தெரு ஆறாகும். வானிலைத் துறை நாள் மழையைத்தான் கனமழை (6.5 செ.மீ. முதல்), மிகக் கனமழை (11.6 செ.மீ. முதல்), அதி கனமழை (20.4 செ.மீ.க்கு மேல்) என்று பிரிக்கிறது. நகரங்களுக்கு மணிவாரி மழையளவும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

கத்திரி முடிந்த சென்னையில்

2023 ஜூன் 19 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். எல்லாம் இரவு இடிமழை. பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டி வந்தது. வடகிழக்குப் பருவமழைக்குத்தான் வாய்க்கால் தூர்வார வேண்டும் என்கிற பழக்கம் மாறியாக வேண்டும். தமிழ்நாடு முழுவதற்கும் மார்ச் முதல் மே வரையிலான சராசரி மழை சுமார் 12.5 சென்டிமீட்டர். மூன்று மாதக் கணக்கை விட அதிகமாக ஓர் இரவில்!

சுரங்கப்பாதையில் ஒரு கார்

2023 மே 21. பெங்களூரில் ஆலங்கட்டியோடு கோடைமழை. கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கிய காரில் இருந்த 22 வயது இளம்பெண் மூழ்கி இறந்தார். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று காரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. கோவில்பட்டியைச் சுற்றியும் ரயில்பாதைக்கு அடியில் சுரங்கப்பாதை உள்ள ஊர்கள் இருக்கின்றன. பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள் இந்தத் துணுக்கை வெட்டி வண்டியில் ஒட்டிக்கொள்ளலாம்.

கணுக்கால் தண்ணீர்

வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவரையும் காலை வாரிவிடும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துப் போகும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகும்போது பாலமே கீழே இருக்கிறதா என்பதும் தெரியாது. ‘தினமும் போற பாதைதானே’ என்று இறங்குகிறவர்கள்தான் அதிகம் போகிறார்கள். கரையில் நில்லுங்கள். கோடைமழைக்கு வரும் ஓடைத் தண்ணீர் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

மழை வேண்டாத ஒரு தொழில்

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தது தூத்துக்குடி. சித்திரை, வைகாசி வெயில்தான் உப்பளத்துக்கு அறுவடைக்காலம். ஒரு மணி நேரக் கோடைமழை பாத்தியில் விளைந்த உப்பைக் கரைத்து, உப்புநீரையும் நீர்த்துப்போகச் செய்துவிடும். திரும்ப உப்பு விளையப் பல நாட்கள் ஆகும்; அத்தனை நாளும் அங்கே கூலி இல்லை. மேற்கே கரிசலில் கைகூப்பி வரவேற்கிற மேகத்தை, ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே பார்க்கிறவர் வயிறு கலங்கும். இரண்டு பேரும் ஒரே மாவட்டத்துக்காரர்கள்.

பொன்னேரும் வெள்ளமும்

சித்திரை முதல் நாள் கோவில்பட்டி வட்டாரத்து ஊர்களில் பொன்னேர் பூட்டுவார்கள். மாட்டுக்கு மாலை போட்டு, டிராக்டருக்கும் சந்தனம் வைத்து, ஊர்ப் பொது நிலத்தில் கூடி உழுவார்கள். அதையொட்டி வரும் கோடை உழவு வெறும் சடங்கல்ல. சரிவுக்குக் குறுக்கே உழுத புஞ்சையில் ஒவ்வொரு சாலும் ஒரு சிறு தடுப்பு. தண்ணீர் நின்று இறங்கும். 2018-ல் இந்தியாவுக்குள் வந்து மக்காச்சோளத்தைச் சூறையாடிய படைப்புழுவின் கூட்டுப்புழுக்கள் மண்ணுக்குள் இருக்கும். உழுதுவிட்டால் வெயிலும் மைனாவும் கொக்கும் பார்த்துக்கொள்ளும். சரிவோடு உழுதால் மட்டும் எல்லாம் தலைகீழ்: சால்கள் தண்ணீரை வேகமாக ஓடைக்குக் கொண்டு சேர்க்கும். எல்லோரும் குறுக்கே உழுத ஊரின் ஓடையில் வெள்ளம் தாமதமாக, தணிந்து வரும்.

1901 முதல்

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய ஆண்டு அது. மானாவாரி விவசாயத்துக்காகவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்துவரும் நிலையம். கரிசலுக்கு ஏற்ற பருத்தி, சோள ரகங்கள், பருவமழைக்கு முன்பே விதைக்கும் முறை, மழைநீரைக் காட்டிலேயே நிறுத்தும் வழிகள் எல்லாம் அங்கே கிடைக்கும். பண்ணைக்குட்டை வெட்ட நினைப்பவர்கள் முதலில் அங்கே போய்க் கேளுங்கள். களிமண்ணில் வெட்டும் குட்டையில் தண்ணீர் நன்றாக நிற்கும். வெள்ளத்தின் ஒரு பங்கு ஓடைக்குப் போகாமல் உங்கள் உளுந்துக்கு உயிர்த்தண்ணீராகும்.

டப்பா மழைமானி

அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள நேர்ச்சுவர் டப்பா ஒன்றை மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் வையுங்கள். மழை விட்டதும் உள்ளே அளவுகோலை இறக்கிப் பாருங்கள். 30 மில்லிமீட்டர் நின்றால் 30 மில்லிமீட்டர் மழை. கோடைமழை ஊருக்கு ஊர் மாறுவதால் தாலுகா அலுவலக மழைமானி காட்டும் அளவு உங்கள் ஊருக்குப் பொருந்தாமல் போகலாம். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் இதை நோட்டில் எழுதி வந்தால், சில ஆண்டுகளில் ஊருக்கென்று ஒரு மழைக்கணக்கு கிடைத்துவிடும்.

எச்சரிக்கை எங்கே கிடைக்கும்?

இடிமழை இந்தத் தெருவில் பெய்யும் என்று நேற்றே சொல்ல யாராலும் முடியாது. 2021 டிசம்பர் 30-ல் சென்னையில் முன்னறிவிப்பில் இல்லாத மழை சில மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் வரை கொட்டியதை மறக்க முடியாது. ஆனால் ‘அடுத்த மூன்று மணி நேரத்தில்’ என்று வானிலை மையம் வெளியிடும் அறிவிப்பு பெரும்பாலும் கைகொடுக்கும். புணேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுவதைக் காட்டும். இலவசம். காட்டு வேலைக்குப் போகிற குழுவில் ஒருவர் கைப்பேசியில் இருந்தால் போதும். மேகத்துக்குள் பார்க்கிற டாப்ளர் ரேடார் தெற்கே போதுமான அளவு இல்லை என்பது பெரிய குறை. இராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் ரேடார் வைக்க மாநில அரசு அறிவித்திருக்கிறது. தென்மாவட்டங்களுக்கு அது எத்தனை சீக்கிரம் வருகிறதோ அத்தனை உயிர் மிச்சம்.

எண்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. ஈரத் தரையில் கிடக்கும் கம்பியிலிருந்து குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

ஒரு டிகிரி, ஏழு சதவீதம்

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது ஏறத்தாழ 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்க முடியும். பூமி சூடாகச் சூடாக, பெய்யும்போது கொட்டித் தீர்ப்பது இதனால்தான் கூடுகிறது. மழைநாட்கள் குறைந்தாலும் வெள்ளம் குறையாது.

மனை வாங்குவதற்கு முன்

கரிசலில் ஓர் ஓடை பத்து ஆண்டுகள்கூடத் தண்ணீர் பார்க்காமல் கிடக்கும். சீமைக்கருவேலம் மண்டி, குப்பை கொட்டி, கடைசியில் கல் நட்டு மனையாகிவிடும். கண்ணுக்கு ஓடை தெரியாது. வருவாய்த்துறை ‘அ’ பதிவேட்டில் ‘ஓடைப் புறம்போக்கு’ என்று இருக்கும். வாங்கப் போகும் மனையின் புல எண்ணையும், அதை ஒட்டிய புல எண்களையும் அந்தப் பதிவேட்டில் பாருங்கள். புலப்படத்தில் ஓடையின் பாதையைப் பாருங்கள். ஊரில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவரிடம், ‘இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?’ என்று கேளுங்கள். பத்திரத்தில் இல்லாத பதில் அவரிடம் இருக்கும்.

மார்ச் 22

உலகத் தண்ணீர் நாள். தமிழ்நாட்டில் அன்று கிராம சபை கூடும். பங்குனி பிறந்து ஒரு வாரம்; கோடை இடி இனிமேல்தான். அடுத்த கிராம சபை மே 1, அப்போது மழை நடுவில் இருப்போம். எனவே மார்ச் 22 கூட்டத்துக்கே போங்கள். உங்கள் ஊர் ஓடையின் பெயரைச் சொல்லுங்கள். அதில் எந்த இடத்தில் அடைப்பு, எந்தத் தரைப்பாலத்தில் எச்சரிக்கைப் பலகை இல்லை, எந்தக் கண்மாயின் மறுகால் அடைந்து கிடக்கிறது என்று எழுதிக் கொடுத்து, தீர்மானமாகப் பதிவுசெய்யக் கேளுங்கள். தீர்மான நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.